குத்துவிளக்குகள் போய்வந்த கலியாணங்கள்

லண்டனில் நடந்த தமிழ்க் கலியாணங்களில் பாதியையாவது பார்சலர் அறிவார். எந்த வீட்டில் நல்லெண்ணெய் ஊற்றினார்கள், எந்த வீட்டில் சூரியகாந்தி எண்ணெயோடு சமாளித்தார்கள், எந்த மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் விளக்கைத் தட்டி விழுத்தினார்கள் என்றெல்லாம் நேரில் நின்றவர்போலச் சொல்லுவார். இத்தனைக்கும் அவர் செய்த மிக நீண்ட கடற்பயணம், குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனதுதான். அதிலும் பாதி வழியில் வள்ளத்துக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்தார்.

ஊர்காவற்றுறையில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குக்கூட மறந்துபோயிருந்தது. ஊராரின் சாமான்களைப் பொதி கட்டிக் கொடுத்துக் கொடுத்தே எல்லாருக்கும் பார்சலர் ஆகியிருந்தார். சட்டைக் கொலரில் எப்போதும் சாக்குத் தைக்கிற கோணூசி ஒன்று குத்தியிருக்கும். அன்பு மிகுந்து அவரைக் கட்டிப்பிடித்தவர்கள் எல்லாரும் ஒருதரம்தான் கட்டிப்பிடித்தார்கள். எதைப் பார்த்தாலும் அதை எப்படிப் பொதி செய்யலாம் என்றுதான் அவருடைய மனம் ஓடும். ஒருமுறை பஸ்ஸில் ஏறிய ஒரு தடித்த மனிதரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "இவருக்கு மூண்டு சாக்கு வேணும் தம்பி. தலைக்கு வைக்கோல் தனியா அடையவேணும்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இடம்பெயர்ந்த இடத்தில் பள்ளிக்கூடமும் இருக்கவில்லை, போகச் சொல்ல ஆளும் இருக்கவில்லை. செங்கல் சூளை, லொறி, கொஞ்சக் காலம் மீன்வாடி என்று வன்னியில் அலைந்துவிட்டு, சமாதான காலத்தில் பாதை திறந்தவுடன் யாழ்ப்பாணம் வந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இன்ரநெற் கடையில் வேலை கிடைத்தது. இரண்டு விரலால் தட்டப் பழகிக்கொண்டேன். அங்கேதான் பார்சலர் மகளுக்கு மின்னஞ்சல் எழுதுவிக்க வருவார். நான் கடை வாங்கிலிலேயே படுக்கிறேன் என்று தெரிந்ததும், "வாரும் காணும், என்ரை வீட்டிலை சாமான் அறை சும்மாதான் கிடக்கு" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அறை சும்மா கிடக்கவில்லை. கூரைவரை பெட்டி அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, என்னையும் அதற்குள் நேர்த்தியாக அடைத்தார்.

மகள் வதனி லண்டனில் இருந்தாள். பத்தொன்பது வயதில் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு, பாதி வழி லொறிக்குள்ளும் மீதி நடையுமாகப் போய்ச் சேர்ந்தவள். அவளுக்கு அங்கே இன்னும் சரியான காகிதம் கிடைக்கவில்லை. அதனால் ஊருக்கு வர ஏலாது. பார்சலருக்கு வாழ்க்கையில் ஒரேயொரு ஆசைதான். அவள் கலியாணத்துக்கு லண்டன் போய், தன் கையால் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை யார் என்று தெரிவதற்கு முன்னரே பட்டு வேட்டியும் சால்வையும் வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, நாலு பக்கமும் தைத்து வைத்திருந்தார்.

"விசா எடுக்கிறதெண்டால் ஊரிலை உங்களுக்கு ஒரு தொழில் இருக்கிறதாக் காட்டவேணும் அப்பா" என்று வதனி சொன்னாள். அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். ஆட்கள் வீட்டில் இருந்தபடியே சாமான் வாங்குகிற ஒரு இணையத்தளத்தில் பக்கம் திறந்தாள். இவர் வண்ணார்பண்ணைப் பட்டறையில் குத்துவிளக்கு, நிறைகுடச் செம்பு, பன்னீர்ச்செம்பு எல்லாம் வாங்கி, வைக்கோலில் பொதிந்து அனுப்புவார். அவள் விற்பாள். பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பலாம், காசு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது அந்தத் தளத்தின் சட்டம்.

"பித்தளை விளக்கை ஆரப்பா பிடிக்கேல்லை எண்டு திருப்பி அனுப்பப்போயினம்?" என்று பார்சலர் சிரித்தார்.

முதல் சோடி போனது. முதல் சோடி திரும்பி வந்தது. 'நிறம் படத்தில் உள்ளதுபோல் இல்லை' என்று வாங்கியவர் காரணம் எழுதியிருந்தார். மினுக்கித் தரச்சொல்லி வதனி அதைக் கப்பல் பெட்டியில் ஊருக்கு அனுப்பினாள். பார்சலர் தையலைப் பிரித்தார். விளக்கின் குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு, கரி, குங்குமம், மஞ்சள் அரிசி, காய்ந்த பூவிதழ்.

"இஞ்சாரும்! இஞ்சை ஓடியாரும்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். நான் அக்கா என்று அழைக்கும் அந்த மனிசி குசினியிலிருந்து அகப்பையோடு வந்தா. "நிறம் சரியில்லையாம்! ஒரு பகல் முழுக்க எரிச்சுப்போட்டுப் பாத்தால் விளக்கு கறுப்பாயிராமல் வேறை என்ன நிறத்திலை இருக்கும்? கலியாணத்தை முடிச்சுப்போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கினம்."

அக்கா விளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தா. "கலியாணமில்லை. சாமத்தியவீடு."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"மினுக்கத் தூள் ஒட்டியிருக்கு. பெரிசான பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தலையிலை தூவுறது."

பார்சலர் எண்ணெயை விரலில் தொட்டு மணந்தார். முகம் கோணியது. "சூரியகாந்தி! களவெடுத்ததுதான் எடுத்தியள், நல்லெண்ணெய் விட ஏலாதோ?"

அதன்பிறகு இது தொற்றுநோய்போலப் பரவியது. சனி ஞாயிறில் மண்டபத்தில் எரிகிற விளக்கு, திங்கட்கிழமை 'தேவையில்லை' என்று வதனியிடம் வரும். நிறைகுடச் செம்பு ஒன்று 'அளவு சிறிது' என்று கழுத்தில் நூலோடும் மாவிலைத் துண்டோடும் வந்தது. பன்னீர்ச்செம்பு ஒன்று அடியில் பன்னீரோடு வந்தது. அதற்குக் காரணம், 'ஓட்டை இருக்கிறது'.

"ஓட்டை இல்லாட்டிப் பன்னீர் எதாலை வரும், மூக்காலையோ?" என்று கேட்டபடி பார்சலர் மிச்சப் பன்னீரை எங்கள் மேல் தெளித்தார். வீணாக்க அவருக்கு மனம் வராது.

எல்லாரையும் வென்றவன் ஒருவன் இருந்தான். நல்ல கனமான குத்துவிளக்கு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் விளக்கை அடைத்து 'பிடிக்கவில்லை' என்று அனுப்பியிருந்தான். பற்றறியில் எரிகிறது. பார்சலர் பொத்தானை அமத்தினார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மினுங்கியது. "சோக்காத்தான் இருக்கு" என்றார். பிறகுதான் தான் கோபப்பட வேண்டும் என்பது ஞாபகம் வந்து, "கோதாரி விழுவான்!" என்றார்.

அடுத்த நாள் இன்ரநெற் கடையில் வதனியின் குரல் கரகரத்தது. "அப்பா, பாவிச்ச சாமான் எடுக்கமாட்டம் எண்டு பெரிசா எழுதிப்போடப் போறன். படம் எடுத்து வைச்சுத் தளக்காரருக்கு முறைப்பாடும் குடுக்கப்போறன். இப்பிடியே எல்லாம் திரும்பி வந்தால் உங்கடை தொழில் எண்டு நான் எதைக் காட்டுறது?"

பார்சலர் கொலரில் இருந்த ஊசியைக் கழற்றித் திரும்பக் குத்தினார். பிறகு, "பிள்ளை, அவை பாவிச்சது எனக்குக் கோபமில்லை" என்றார்.

"என்னப்பா சொல்லுறியள்?"

"ஊரிலை ஒரு வீட்டிலை கலியாணமெண்டால் அந்த வீட்டு விளக்கு மட்டுமே எரிஞ்சது? நாலு வீட்டிலை இரவல் எடுக்கிறதுதானே. எங்கடை அண்டா போகாத வீடில்லை. ஆனால் இரவல் எடுத்த பாத்திரத்தை ஆரும் வெறுமனே திருப்பிக் குடுத்ததில்லை. ரெண்டு பலகாரம், இல்லாட்டி ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுப்பினம். இவையள் வெறும் பாத்திரத்தை அனுப்புதுகள் பிள்ளை. அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

"அப்பா, இது லண்டன்!"

"விளக்கு எங்கடை ஊர்தானே?"

அன்றைக்கே என்னை இருத்தி ஒரு துண்டு எழுதுவித்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதைப் போட்டோம். 'அன்புடையீர், கலியாணமோ சாமத்தியமோ, இரவலாக வேண்டுமென்றால் இரவல் என்று சொல்லி எடுங்கோ. கூச்சப்பட வேண்டாம், பொய்க் காரணமும் எழுத வேண்டாம். பாவித்துவிட்டு அனுப்புங்கோ. ஆனால் வெறும் பாத்திரமாக அனுப்பாதேங்கோ. நல்லெண்ணெய் விடுங்கோ.'

வதனி இரண்டு கிழமை தகப்பனோடு கதைக்கவில்லை.

பிறகு பெட்டிகள் வரத் தொடங்கின. முதல் பெட்டியில் விளக்குக்குள் சொக்லேற். கப்பலில் உருகி, திரி போடுகிற குழியில் உறைந்து, விளக்கையே சொக்லேற்றில் வார்த்ததுபோல இருந்தது. இன்னொன்றில் தேயிலை. அதுவும் நம்முடைய நாட்டுத் தேயிலை, அங்கே போய் அட்டைப்பெட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தது. சவர்க்காரம், அக்காவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, எனக்கு மூன்று இடது கால் சொக்ஸ். ஒருவர் பயற்றம் உருண்டை அனுப்பினார். இரண்டு மாதம் கடலில் இருந்து அது இரும்பாகியிருந்தது. ஊருக்குள் வரும் வழியில் நேவிக்காரன் பஸ்ஸை மறித்து, பையைத் திறந்து, அந்த உருண்டைகளைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

"மே மொனவத?" என்று கேட்டான், இவை என்ன என்று.

பார்சலருக்குச் சிங்களத்தில் ஒரே சொல்தான் தெரியும். "கன்ன, கன்ன!" என்றார், சாப்பிடுகிறதாம். அவன் நம்பவில்லை. ஒன்றை எடுத்துக் காவலரண் மேசையில் தட்டினான். மேசையில் பள்ளம் விழுந்தது. பார்சலர் ஒன்றை எடுத்து வாய்க்குள் போட்டுக் கடித்துக் காட்டினார். கடைவாய்ப் பல் ஒன்று போனது, பஸ் தப்பியது.

ஆனால் அவர் காத்திருந்தது பலகாரத்துக்கு இல்லை. பலர் கலியாணப் படமும் வைத்து அனுப்பினார்கள். அதையெல்லாம் முன் அறைச் சுவரில் ஒட்டினார். எங்கள் தெருவில் அப்போது முக்கால்வாசி வீடுகளுக்குக் கூரை இல்லை. இருந்த வீடுகளிலும் வயது போனவர்கள்தான். ஊரில் ஒரு கலியாணம் நடந்து எத்தனையோ வருசம். பின்னேரங்களில் சனம் வந்து அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்.

"உது எங்கடை வாத்தியாற்றை பேரன்போலக் கிடக்கு. மூக்கைப் பாருங்கோ."

"அது மாப்பிள்ளைத் தோழனப்பா."

"ஆராயிருந்தால் என்ன, மூக்கு எங்கடை ஊர்."

பார்சலர் பெருமையோடு நின்று, எது தன் விளக்கு என்று தொட்டுக் காட்டுவார். பக்கத்து வீட்டு மீன்பிடிகாரர் சந்தியாக்கு அண்ணை மட்டும் ஒவ்வொரு முறையும், "பொம்பிளையைக் காட்டும் காணும், விளக்கை ஆர் கேட்டது?" என்பார்.

பற்றறி விளக்குக்காரன் மட்டும் கடைசிவரை மசியவில்லை. பார்சலர் அவனுக்கு ஒரு கட்டுத் திரியும் நல்லெண்ணெய்ப் போத்தலும் இனாமாக அனுப்பினார். அதையும் வைத்துக்கொண்டான்.

வதனிக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை லண்டன், பெற்றோர் காரைநகர். பார்சலர் தொழில் சம்பந்தமான எல்லாக் காகிதத்தையும் ஒரு பெட்டியில் வைத்துத் தைத்துக்கொண்டு கொழும்பு விசாக் கந்தோருக்குப் போனார். மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்து அங்கே கேட்டார்களாம்.

"நீர் அனுப்பின சாமானிலை முக்கால்வாசி திரும்பி வந்திருக்கே. இது என்ன வியாபாரம்?"

"வியாபாரம் பாதி, இரவல் பாதி" என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அதை எந்தக் குழந்தைக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கே அந்தச் சொல்லை மொழிபெயர்ப்புக்காரரே இரண்டுதரம் கேட்டாராம்.

விசா மறுத்துக் கடிதம் வந்தது. நானே எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னேன். ஊரில் உறுதியான தொழில் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே போனால் திரும்பி வருவார் என்று நம்புவதற்கில்லை.

"நான் திரும்பி வரமாட்டனாமோ?" என்றார் பார்சலர். கோபப்படக்கூட இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். "தம்பி, வடிவா வாசியும். என்னையோ சொல்லுறாங்கள்? நயினாதீவுக்குப் போனாலே பின்னேர வள்ளத்துக்கு முதல் வள்ளத்திலை வாறனான்."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"இஞ்சாரும். இரவல் குடுத்தது பிழையோ?"

சுளகு நின்றது. "பிழையில்லை" என்றா அக்கா. "ஊருலகத்திலை எல்லாற்றை கலியாணத்துக்கும் போயிட்டியள். சொந்தப் பிள்ளையின்ரைக்குத்தான் போகேல்லை. வேறையொண்டுமில்லை."

அன்று முழுவதும் அவர் கொலரில் ஊசி இருக்கவில்லை.

அடுத்த நாள் எழுந்து, அறையில் இருந்ததிலேயே அதிகம் போய்வந்த, அடியில் நெளிந்த, எத்தனை புளி போட்டாலும் கரி முழுதாகப் போகாத ஒரு சோடி விளக்கை எடுத்தார். புதுசு அனுப்பலாமே என்று நான் கேட்டேன். "இதுக்கு வழி தெரியும்" என்றார். வைக்கோல் அடைக்காமல், தாரைவார்க்கவென்று வாங்கி வைத்த பட்டு வேட்டியையும் சால்வையையும் பிரித்து அவற்றுக்குள் விளக்குகளைச் சுற்றினார். தைத்து முடிக்க ஒரு காலை முழுவதும் எடுத்தது. அந்த இரவல் துண்டுக் கடிதத்தை அதற்குள் போடவில்லை.

பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்று வதனி சொன்னாள். கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது சண்டை தொடங்கியது. பாதை பூட்டியது. தொலைபேசி செத்தது. நாள்முழுக்க ஊரடங்கு. கிழக்குப் பக்கம் ஷெல் விழுகிற சத்தத்துக்குச் சுவரில் இருந்த கலியாணப் படங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அக்கா பொறுக்கிப் பொறுக்கி ஒட்டினா. கலியாணம் நடக்குமா, தள்ளி வைத்தார்களா, ஒன்றும் தெரியாது.

குறித்த நாள் வந்தது. லண்டனில் காலை பத்து மணிக்கு முகூர்த்தம். இங்கே எத்தனை மணி என்பதில் சண்டை வந்தது. அந்த வருசம்தான் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னால் தள்ளியிருந்தது. பார்சலர் வீட்டு மணிக்கூட்டை ஒருவரும் தள்ளவில்லை. நான் ஒரு நேரம் சொன்னேன், அக்கா ஒரு நேரம் சொன்னா.

"பிழைச்சாலும் எண்டு ரெண்டு நேரத்துக்கும் செய்வம்" என்று பார்சலர் முடிவெடுத்தார்.

பட்டு வேட்டி லண்டன் போய்விட்டதால் தோய்த்த வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அக்கா கூறைச் சேலை உடுத்தியிருந்தா. நான் இருந்ததிலேயே கிழியாத சட்டையைப் போட்டேன். சந்தியாக்கு அண்ணை பின் வேலியைப் பிரித்துக்கொண்டு மனைவியோடு வந்தார். வேறு யாரும் வர வழியில்லை. பார்சலர் வாசலில் நின்று எங்களை முறையாக வரவேற்றார். 'ஓட்டை' என்று திரும்பி வந்த அந்தச் செம்பால் தெளித்தார். பன்னீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர்தான். பெட்டிகள்மேல் உட்கார்ந்தோம். சீனி இல்லாத தேத்தண்ணி தந்தார்கள்.

நேரம் வந்ததும் எல்லார் கையிலும் வாழ்த்தித் தூவ அறுகரிசி கொடுத்துப் பின் முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அடுத்த சிக்கல்.

"லண்டன் எந்தப் பக்கம்?"

"காரைநகர்ப் பக்கம் போடுவம்" என்றா அக்கா. "சம்பந்தி வீட்டுக்கும் ஆச்சு."

"அது வடக்கு. அங்காலை இந்தியாதான் கிடக்கு" என்றார் சந்தியாக்கு அண்ணை. வாழ்நாள் முழுக்கக் கடலில் திசை பிடித்தவர். "எழுவைதீவுக்கு நேரை போடுங்கோ. கொஞ்சம் வலப்பக்கம். ஓம், உதுதான்."

"நீர் லண்டனுக்கு மீன்பிடிக்கப் போனனீரோ?"

"நீர் மட்டும் போனனீரோ?"

பார்சலர் அவர் காட்டிய திசையைப் பார்த்து நின்றார். வாய்க்குள் எதையோ சொன்னார். இரண்டு கையாலும் அரிசியை அள்ளி வீசினார். நாங்களும் வீசினோம். சோழகக் காற்று வீசுகிற மாதம். அரிசி முழுவதும் திரும்பி எங்கள் முகத்திலும் அக்காவின் தலையிலும் விழுந்தது.

"என்ன காணும், இதையும் திருப்பி அனுப்பிப்போட்டாங்களோ?" என்றார் சந்தியாக்கு அண்ணை.

நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தா. சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. பார்சலர் மட்டும் கடலையே பார்த்தபடி நின்றார்.

"இல்லை" என்றார். "பாதி போயிட்டுது. நான் பாத்தனான்."

அரை மணித்தியாலம் கழித்து மறுபடியும் வீசினோம்.

தொலைபேசி வேலை செய்ய நாளாயிற்று. கலியாணம் நடந்திருந்தது. பார்சலர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, விளக்கு அணையாமல் நின்றதா, ஆடியதா, என்ன எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா பறித்து, "பிள்ளை எப்பிடி இருந்தவள் எண்டு கேளுங்கோவன்!" என்று திருப்பிக் கொடுத்தா. இவர், "நீ... நீ சாப்பிட்டியோ?" என்றார். பிறகு ரிசீவரை என் கையில் தந்துவிட்டார். ஐயர் பிந்தி வந்ததால் தாலி கட்டியது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் என்று மீதியை வதனி என்னிடம் சொன்னாள். நாங்கள் இரண்டுமுறை வீசியதும் வீண் என்று நினைத்துக்கொண்டு அவரிடம் சொன்னேன்.

"அதாலை என்ன?" என்றார். "அது முந்திப் போய் மண்டபத்திலை இருந்திருக்கும்."

அடுத்த வருசம் காங்கேசன்துறையில் கப்பலேறி நான் வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஆகிற அன்றைக்கு, ஊர்காவற்றுறையிலிருந்து பார்த்தால் நான் எந்தத் திசையில் நிற்பேன் என்பதைப் பார்சலருக்கு முதலே அறிவித்துவிட வேண்டும்.